பார்க்கும் உரிமை

உட்காரக் கூடாது, புத்தகம் படிக்கக் கூடாது, போன் வைத்திருக்கக் கூடாது, வாசலில் நின்று அடுத்த ஹால்காரர்களோடு பேசக் கூடாது என்று தேர்வு மேற்பார்வைக்கு வருகிறவர்களுக்காகக் கதவுக்குப் பின்னால் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். யோசிக்கக் கூடாது என்று எழுத மட்டும் மறந்துவிட்டார்கள். எழுதியிருந்தால் அருள்மலர் அதையும் கேட்டு நடந்திருப்பாள், சொன்னபடி கேட்கிறவள்தான். இப்போது வேறு வழியில்லாமல் யோசித்துக்கொண்டிருந்தாள். விருதுநகருக்கும் சாத்தூருக்கும் நடுவில், நான்குவழிச் சாலையை ஒட்டி, கரிசல் காட்டில் தனியாக எழுந்து நிற்கிற ஒரு பொறியியல் கல்லூரி. அதில் சிவில் துறையில் பாடம் நடத்துகிறவள் அவள். மத்தியானம் சாயில் மெக்கானிக்ஸ் பரீட்சை. ஹாலில் இரண்டு மின்விசிறிகள், ஒன்று சுற்றியது, மற்றது சுற்றுவதாகப் பாவனை செய்தது. பிள்ளைகள் குனிந்து எழுதுகிறார்கள். ராத்திரிக்குள் அவளும் ஒன்று எழுதியாக வேண்டும். ஒரு பரிந்துரைக் கடிதம். அதை அனுப்பப்போகிறவர் துறைத் தலைவர் டாக்டர் தங்கமாரியப்பன். கடிதம் யாரைப் பற்றி என்றால் அருள்மலரைப் பற்றி. எழுத வேண்டியவளும் அருள்மலர். அமெரிக்காவில் வடக்கே, பனி கொட்டுகிற ஒரு மாநிலத்துப் பல்கலைக்கழகத்துக்கு அவள் பிஎச்.டி. படிக்க விண்ணப்பித்திருக்கிறாள், அவளை நன்றாகத் தெரிந்த மூன்று பேராசிரியர்கள் அவளைப் பற்றித் தங்கள் கைப்பட எழுத வேண்டும் என்பது அந்த ஊர் ஏற்பாடு. இரண்டு பேருடையது எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டது. ஒன்றை அவளே எழுதினாள். இன்னொன்று மதுரையில் அவளுக்கு எம்.இ. நடத்தியவர் எல்லோருக்கும் பெயரை மட்டும் மாற்றி அனுப்புகிற கடிதம், ஊருக்கே தெரியும். மிச்சம் துறைத் தலைவர் சாருடையது. காலையில் கேட்டபோது சார் டீ குடித்துக்கொண்டிருந்தார். "உனக்குத் தெரியாததாம்மா? நல்லதா நீயே ஒண்ணு எழுதிரு. என் மெயில்ல லிங்க் வந்திருக்கும், போட்டு விட்டுரு." சொல்லிவிட்டு பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார், அது உடைந்து உள்ளே விழுந்துவிட்டது, அதை ஸ்பூனால் தேடத் தொடங்கிவிட்டார்.

முதல் வரி வந்துவிட்டது. முதல் வரி எப்போதும் வந்துவிடும். ஆறு ஆண்டுகளாக அருள்மலரை நான் அறிவேன். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், ஆனால் அவளுக்குள் அது தமிழில்தான் ஓடியது, ஓடி அந்த 'அறிவேன்' என்ற இடத்தில் போய் இடித்துக்கொண்டு நின்றது. வேறு பிள்ளைகளுக்கு எழுதியபோதெல்லாம் இந்த வரியைத் தாண்டுவதற்கு ஒரு நிமிஷம் ஆனதில்லை. வரிசைகளுக்கு இடையே நடந்தாள். நடந்தால் அடுத்த வரி வரும் என்று ஒரு நம்பிக்கை. மேஜைகளில் போன வருஷத்துப் பிள்ளைகள் காம்பஸ் முனையால் கீறிய பெயர்கள். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள், கூடுதல் தாள் வேண்டும். அருள்மலர் தாளில் கையெழுத்துப் போட்டு, கட்டுவதற்கு நூலும் கொடுத்தாள். அந்தப் பெண் தப்பாக எழுதியதை அடிக்கும்போது ஸ்கேல் வைத்து அடிக்கிறாள். நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது, பக்கத்துப் பெஞ்சில் எல்லாரும் கிறுக்கித் தள்ளுகிறார்கள், இவள் தன் பிழையை ஸ்கேல் வைத்து நேராக அடித்துவிட்டு மேலே போகிறாள். தன் தவறுகளுக்குக்கூட மரியாதை தருகிற மாணவி. பார், வந்துவிட்டது. பெயர்கூடத் தெரியாத பெண்ணுக்கு இரண்டு எட்டு வைப்பதற்குள் ஒரு வரி வந்துவிட்டது. தனக்கு வரவில்லை.

இந்தக் கடிதம் எழுதும் வேலை அவள் தலையில் விழுந்தது வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். ஒரு மாணவன் வந்து நின்றான், சார் அவனைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "எனக்கு நேரமில்லம்மா, நீ ஒரு டிராஃப்ட் போட்டுக் கொண்டா, நான் பாத்து மாத்திக்கிறேன்." அவள் இரண்டு நாள் கஷ்டப்பட்டுப் போட்டுக்கொண்டு போனாள். சார் பார்க்கவுமில்லை, மாற்றவுமில்லை, பிரமாதம் என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு அமெரிக்கா போகணுமா, மலர் மேடத்தப் பாரு என்பது துறையில் ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. சாருடைய மெயிலின் கடவுச்சொல்லும் அவளிடம் வந்து சேர்ந்தது. சார் சொல்லச் சொல்ல அவள் தட்டச்சு செய்கிறாள் என்று பிள்ளைகள் நினைத்தார்கள், அவளும் இல்லை என்று சொல்லவில்லை. எழுதி எழுதி அவளுக்கு ஒன்று பிடிபட்டிருந்தது. நல்ல பையன், கடின உழைப்பாளி, குழுவோடு ஒத்துழைப்பவன் என்றெல்லாம் எழுதினால் அங்கே ஒருவரும் படிக்க மாட்டார்கள். கண்ணால் பார்த்த ஒரு விஷயம் வேண்டும், இன்னொருவரைப் பற்றிச் சொல்ல முடியாததாக இருக்க வேண்டும். ஒருத்தன் மதிப்பெண் எல்லாம் போட்டு முடித்த பிறகு வந்து, "மேம், நான் எடுத்த ரீடிங் தப்பு, எனக்கு மார்க்கக் கொறச்சிருங்க" என்றான். அவனுக்கு அதையே எழுதினாள். நிவேதினி என்று ஒரு பெண். அவளுடைய கான்கிரீட் கட்டிகள் ஆய்வகத் தொட்டியில் ஊறிக்கொண்டிருந்தன, பொங்கல் லீவு வந்துவிட்டது, தொட்டித் தண்ணீர் வற்றிவிடும் என்று அந்தப் பெண் கரும்பும் கையுமாக இருக்க வேண்டிய நாளில் பஸ் பிடித்து வந்து, வாட்ச்மேனைக் கெஞ்சி உள்ளே நுழைந்து, குடம் குடமாக ஊற்றிவிட்டுப் போனாள். அன்றைக்கு அருள்மலரும் ஆய்வகத்துக்கு வந்திருந்தாள், அதே தண்ணீர்க் கவலையில், அந்தப் பெண்ணின் கண்ணில் படாமல் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாள். தான் வந்ததை மட்டும் கடிதத்தில் எழுதவில்லை, எழுத முடியாது, கடிதம் சாருடையது. தொட்டியருகே நின்று பார்த்தவர் சார் என்று ஆயிற்று.

நிவேதினி அமெரிக்கா போய் இரண்டு வருஷமாகிறது. போன மாதம் போனில் பனியைக் காட்டினாள். மேஜை மேல் யாரோ உப்பைக் கொட்டிவிட்ட மாதிரி இருந்தது, அவ்வளவுதான், அதற்குப்போய் இந்தப் பெண் இவ்வளவு கத்துகிறாளே என்று அருள்மலர் நினைத்தாள், பிறகு அப்படி நினைத்ததற்காக வருத்தப்பட்டாள். "மேம், எங்க அட்வைசர் அந்தத் தண்ணி ஊத்துன கதையச் சொல்லிச் சொல்லிச் சந்தோசப்படுறாங்க மேம். அதப் படிச்சதும்தான் என்னை எடுக்கணும்னு முடிவு பண்ணாங்களாம். சார் அதையெல்லாம் கவனிச்சிருக்காரு பாத்தீங்களா? எனக்குத் தெரியவே தெரியாது மேம். கேட்டதும் எனக்கு அழுகையே வந்துருச்சு." அருள்மலர் என்ன சொன்னாள்? "ஆமாப்பா, சார் எல்லாத்தையும் கவனிப்பாரு" என்றாள். சொல்லிவிட்டு அடுப்பில் பால் இருப்பதாகப் பொய் சொல்லிப் போனை வைத்தாள். பொறாமை இல்லை. பொறாமைதான், ஆனால் பனி மேல் இல்லை. நம்மை ஒருவர் கவனித்திருக்கிறார் என்று கேட்டு அழுகிற பாக்கியம் இருக்கிறதே, அதன் மேல்.

இடுப்பு வலித்தது. சுவரில் சாய்ந்தால் சாய்கிறாள் என்று பரீட்சையைச் சோதிக்க வருகிற பறக்கும்படை ஆள் வந்து எழுதிக்கொண்டு போவான். ஒரு காலில் பாரத்தைப் போட்டு மற்றதைத் தளர்த்தி நின்றாள். விண்ணப்பிக்கத் தொடங்கி இது மூன்றாவது வருஷம். முதல் வருஷம் மூன்று இடங்களுக்குப் போட்டாள், போன வருஷம் இரண்டு, இந்த வருஷம் ஒன்றே ஒன்று. ஆசை தேய்கிற கணக்கு அதிலேயே தெரிகிறது. அமெரிக்கப் படிப்புக்காக எழுதிய ஜிஆர்ஈ தேர்வின் மதிப்பெண் இந்த வருஷத்தோடு காலாவதி, ஐந்து வருஷம்தான் அதற்கு ஆயுள். மறுபடி உட்கார்ந்து அந்த வார்த்தைகளை எல்லாம் மனப்பாடம் செய்ய அவளால் ஆகாது, அவளுக்கே தெரியும், அதனால் இது கடைசி. கடைசி என்று நினைக்கும்போது துக்கம் வர வேண்டும். ஒரு நிம்மதி அல்லவா எட்டிப் பார்க்கிறது. ராத்திரி எழுதாமல் விட்டுவிட்டால் என்ன? தூங்கிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கரண்ட் போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். அம்மா மட்டும் தெருவில் பதில் சொல்ல வேண்டும். மூன்று வருஷமாக அம்மா, "மக அமெரிக்கா போறா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள், தெருவும் மூன்று வருஷமாக, "என்ன மதினி, இன்னும் கிளம்பலயா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறது, பஸ் லேட்டானதைக் கேட்பது போல. இதற்கு நடுவில் அப்பாவின் கதை வேறு. விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம், அதை நிரப்பாமல் மேலே போக விடாது. இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போட்டாள், எல்லாரும் போடுகிறதுதான். அதற்குப் பிறகு வந்த கடிதம் எல்லாம் அப்பாவுக்கே வந்தது. அன்புள்ள கருப்பசாமி, உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, இந்த ஆண்டு உங்களுக்கு இடமளிக்க இயலாமைக்கு வருந்துகிறோம். வாடகை வேன் ஓட்டுகிற மனிதர், பாஸ்போர்ட்டே எடுக்காதவர், அவரை இரண்டு வருஷமாக அமெரிக்கா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவள் படித்துக் காட்டியபோது அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "நான் எங்கடா கேட்டேன்? அவனா வர்றான், அவனா வேணாங்கிறான்." சிரித்து முடித்துவிட்டு வேனைக் கழுவப் போனார், ஏற்கெனவே கழுவியிருந்த வேனை.

போன இரண்டு தடவையும் சார் கடிதத்தை அவளேதான் எழுதினாள். நேரம் தவறாதவர், ஒழுங்கானவர், ஒப்படைத்த வேலையை முடிப்பவர். வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவர்களுக்கு யாரோ கொடுக்கிற நற்சான்று மாதிரி இருந்தது, திரும்பப் படித்தபோது அவளுக்கே தெரிந்தது. ஆனால் இன்னொருவர் குரலில் உட்கார்ந்துகொண்டு தன்னைப் பாராட்டிக்கொள்வது என்றால் கை கூசுகிறது. அடுத்தவர் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று தனக்குத் தானே மாலை போட்டுக்கொள்வதா? இவ்வளவுக்கும் விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கிறது, இந்தப் பரிந்துரையைப் பார்க்கும் உரிமையை நான் வெய்வ் செய்கிறேன் என்று. வருஷத்துக்கு ஒரு பிள்ளையாவது வந்து, "வெய்வ்னா கையாட்டுறதுதான மேம்? எதுக்கு மேம் கையாட்டணும்?" என்று கேட்கும். அது வேற வெய்வ்ப்பா, இது விட்டுக்கொடுக்கிறது, துறக்கிறது, நீ அதைப் பார்க்க மாட்டேன்னு எழுதிக் கொடுத்தாத்தான் எழுதறவங்க உண்மைய எழுதுவாங்கன்னு அவங்க நம்புறாங்க, டிக் பண்ணிரு என்று அவள் விளக்குவாள். தன் விண்ணப்பத்திலும் மூன்று வருஷமாக டிக் செய்கிறாள். நான் எழுதப்போவதைப் பார்க்க மாட்டேன் என்று சத்தியம். கண்ணை மூடிக்கொண்டா எழுதுவாள்? அந்தக் கட்டத்தில் விரல் வைக்கும்போதெல்லாம் உள்ளே ஏதோ ஒன்று குறுகும். இங்கே நின்று பிள்ளைகள் காப்பி அடிக்கிறார்களா என்று வேவு பார்க்கிறாள் பார், பெரிய மேற்பார்வையாளர்.

சரி, சாரின் கண்ணுக்குள்ளே போய்ப் பார்க்கலாம். நடிக்கத்தானே வேண்டும், ஒழுங்காக நடிக்கலாம். சார் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், கதவு திறக்கிறது, அருள்மலர் வருகிறாள். என்ன தெரிகிறது? ஒரு ஃபைல் தெரிகிறது. ஃபைலைப் பிடித்த கை தெரிகிறது. கைக்கு மேலே? கொஞ்சம் முயற்சி செய்தால் ஒரு புடவை, ஊதாவா பழுப்பா, அதற்கு மேல் முகம் இருக்க வேண்டிய இடத்தில், "சார், இங்க ஒரு கையெழுத்து" என்கிற குரல். அவ்வளவுதான். ஆறு வருஷம் தினமும் பார்த்த மனிதரின் கண்ணுக்குள் போய்த் தேடினால் இவ்வளவுதான் அகப்படுகிறது. அவருக்குப் பார்க்கத் தெரியவில்லையா, இல்லை, பார்ப்பதற்கு ஒன்றும் இல்லையா? இந்தக் கேள்வி வந்ததும் அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது. அத்தனை பிள்ளைகளிடத்தில் ஏதாவது ஒன்று கண்ணில் பட்டதே, மிக மந்தமான பிள்ளையிடத்திலும் பட்டதே. தன்னிடத்தில் மட்டும் ஒன்றுமே இல்லாமலா போகும்? பொங்கலன்று தண்ணீர் ஊற்ற வந்ததை எழுதலாமே. எழுதலாம். ஆனால் அதை வேறு ஒருத்திக்குக் கொடுத்தாகிவிட்டது, ஒரே தொட்டிக்கு எத்தனை பேர் தண்ணீர் ஊற்றுவது? யாராவது ஒருவர், அம்மா அப்பா இல்லாமல், ஒரு வெளியாள், இவள் இப்படிப்பட்டவள் என்று ஒரு வரி சொல்லிக் கேட்க வேண்டும் போல இருந்தது. அமெரிக்கா எல்லாம் அப்புறம். ஒரு வரி. முப்பத்தொரு வயதில் இப்படி ஓர் ஆசை வந்தால் அதை யாரிடம் போய்ச் சொல்வது, சிரிப்பார்கள்.

மணி அடித்தது. பேனாவை வையுங்க, எழுதறதை நிறுத்துங்க, கட்டு அவிழாம இருக்கான்னு பாத்துக்கங்க. வாய் தன்பாட்டுக்குச் சொன்னது. தாள்களை எண் வரிசையில் அடுக்கினாள், ஸ்கேல் பெண் மட்டும் கடைசி வினாடியில் ஒரு சொல்லை அடித்துவிட்டு நிமிர்ந்தாள். தேர்வு அலுவலகத்தில் கட்டைக் கொடுத்துவிட்டுப் படியேறும்போது அருள்மலர் எதையும் முடிவு செய்திருக்கவில்லை. சாரிடம் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் நினைப்பு. கதவைத் தட்டினாள். சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தார், மேஜையில் ஹெல்மெட் எடுத்து வைத்திருந்தது, கிளம்பப்போகிறார்.

"என்னம்மா, போட்டாச்சா?"

"இல்ல சார்." ராத்திரி போட்டுவிடுகிறேன் சார் என்றுதான் சொல்ல வாயெடுத்தாள். "நீங்களே எழுதுங்க சார்" என்று வந்துவிட்டது.

சார் ஹெல்மெட்டைப் பார்த்தார். "ஏம்மா, எதும் கோவமா?"

"கோவம் இல்ல சார். எனக்கு என்னைப் பத்தி எழுத வரல. ரெண்டு தடவ எழுதி ரெண்டு தடவயும் போயிருச்சு. எல்லாப் பிள்ளைங்களுக்கும் எழுதுறேன், வருது. எனக்குன்னு உக்காந்தா ஒண்ணுமே வர மாட்டேங்குது சார்." சொல்லிவிட்டு அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அவர் ஹெல்மெட்டைத் தள்ளி வைத்தார். வராண்டாவில் யாரோ பைக் சாவியைச் சுழற்றிக்கொண்டு போகிற சத்தம். பிறகு கதவைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "எனக்கு நேரமில்லன்னு சொல்றதெல்லாம் சும்மாம்மா. எனக்கு இங்கிலீஷ் எழுத வராது. கிளாஸ்ல பேசிருவேன், அது முப்பது வருசப் பழக்கம். பேனாவ எடுத்தா நின்னுரும். பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், அப்புறம் எப்படியோ தள்ளிக்கிட்டு வந்துட்டேன். நீ வந்தியா, நிம்மதியாப் போச்சு." சிரிக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை.

அருள்மலர் இதை எதிர்பார்க்கவில்லை. சோம்பேறித்தனம் என்றல்லவா ஆறு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள். "அப்ப தமிழ்ல சொல்லுங்க சார், நான் மாத்திக்கிறேன்."

"சொன்னா நீ கேட்டுருவியேம்மா. பார்க்கக் கூடாதுன்னு டிக் எல்லாம் பண்றீங்க." அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "தப்புந்தவறுமாத்தான் இருக்கும். உன் எழுத்து மாதிரி இருக்காது. அங்க படிக்கிறவன் சிரிச்சாலும் சிரிப்பான். உன் வாழ்க்க விசயம். யோசிச்சுச் சொல்லு."

யோசித்தாள். இதைத்தானே மத்தியானம் முழுவதும் செய்தாள். அவள் எழுதினால் பிழை இருக்காது, உயிரும் இருக்காது, ஆனால் பிழை இருக்காது. இவர் எழுதினால் என்ன வரும் என்று யாருக்குத் தெரியும். இது கடைசி வருஷம், கடைசி இடம். வேண்டாம் சார், நானே போட்டுக்கிறேன் என்று சொல்வதுதான் புத்திசாலித்தனம். "எழுதுங்க சார்" என்றாள். "பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கா?"

"அதச் சொல்லிட்டுப் போ" என்றார் சார்.

வெளியே வராண்டாவில் நின்றாள். மறுபடியும் நிற்பதுதான், இன்றைக்கு நிற்கிற நாள். உள்ளே விசைப்பலகைச் சத்தம் கேட்டது, ஒரு விரல் மட்டும் தட்டுகிற சத்தம். டக். டக். பிறகு ஒன்றுமே இல்லை, வெகுநேரம். பேசாமல் உள்ளே போய், நகருங்க சார், நான் அடிக்கிறேன் என்று சொல்லிவிடலாமா? கால் ஒரு எட்டு எடுத்துக்கூட வைத்துவிட்டது. திரும்ப டக். என்ன எழுத்து அது? நீளமான சொல்லா, சின்னச் சொல்லா? நேரம் தவறாதவர் என்று எழுதுகிறாரா? கையெழுத்து வாங்க வருகிறவர் என்று எழுதுகிறாரா? அழிக்கிற சத்தம், தொடர்ந்து பட்பட்டென்று, ஒரு வரி முழுவதும் போயிருக்க வேண்டும். எதை அழித்தார்? அழித்தது நல்லதாக இருந்திருந்தால்? கல்லூரிப் பஸ் ஹாரன் அடித்தது, ஓட்டுநர் இவளுக்காகத்தான் அடிக்கிறார், இவள் மட்டும்தான் பாக்கி. அவள் அசையவில்லை. பஸ் இன்னொரு தடவை அடித்துவிட்டுக் கிளம்பிப் போயிற்று.

சார் கதவைத் திறந்தபோது நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

"அனுப்பிட்டேம்மா. நாலு வரிதான் வந்துச்சு."

நாலு வரி. அவள் பிள்ளைகளுக்கு ஒன்றரைப் பக்கத்துக்குக் குறைந்து எழுதியதே இல்லை.

"எழுதி முடிச்சதும் வழக்கம்போல உன்னைக் கூப்பிட்டுத் திருத்தச் சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துருச்சு, பாத்துக்க" என்று சொல்லிச் சார் இப்போது நன்றாகவே சிரித்தார். கதவைப் பூட்டினார். பூட்டை இழுத்துப் பார்த்தார். படியில் இறங்கப்போனவர் நின்று, "என்ன எழுதுனேன்னு கேக்க மாட்டியா?" என்றார்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், அவர் முகத்தில் அது இருந்தது. "வேண்டாம் சார்" என்றாள்.

"சரி. பஸ் போயிருச்சே, எப்படிப் போவ?"

"ரோட்டுல நின்னா வரும் சார்."

அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அருள்மலர் அந்த மேல்படியிலேயே உட்கார்ந்தாள், மத்தியானத்திலிருந்து இப்போதுதான் உட்காருகிறாள். அவர் எழுதியது என்னவாக இருக்கும் என்று மனசு ஓடப் பார்த்தது, ஓடவிடாமல் பிடித்துக்கொண்டாள், பிடித்தால் நிற்கிறதா. தப்புந்தவறுமான நாலு வரி. அதைப் படிக்கப்போகிறவர்கள் யாரோ, சிரிப்பார்களோ, புரட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போவார்களோ. பயமாக இருந்தது. போன இரண்டு வருஷமும் அனுப்பிவிட்டுக் கணினியை மூடியபோது இப்படி இல்லை, கிடைக்காது என்று அவளுக்கு முன்கூட்டியே தெரியும், தெரிந்ததில் ஒரு சௌகரியம் இருந்தது. இப்போது தெரியவில்லை. அந்த இடம் தனக்குக் கிடைத்துவிட வேண்டும், எப்படியாவது கிடைத்துவிட வேண்டும் என்று அவள் வேண்டிக்கொள்ளத் தொடங்கியிருந்தாள். மூன்று வருஷத்தில் இப்போதுதான் வேண்டிக்கொள்கிறாள் என்பது அவளுக்கு உறைத்தபோது அழுகை வந்தது.